மூணாவது அட்டெம்ப்ட்டில் பாஸான சுப்பாராவ்

அரியர் வச்சவன் உருப்பட மாட்டான்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? அப்படின்னா எல்லாபிரகட சுப்பாராவ் கதையை அவசியம் படிங்க.

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூணாவது முயற்சியில்தான் தாண்டினார். அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கதர் அங்கி போட்டுக்கிட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய், சில நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டு போனது. பிறகு அவரையும் பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

அந்த நோய்க்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். அதை ஈடுகட்ட, நம்ம எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களையாவது புதுசா உருவாக்கணும். மஜ்ஜையில் இருக்கும் மூலச் செல்களிலிருந்து முன்னோடிச் செல்கள் வருகின்றன. அவை பிரிந்து பிரிந்து பெருகித்தான் ரத்த அணுக்கள் ஆகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் டி.என்.ஏ.வை நகலெடுக்கணும், அதற்கு ஃபோலிக் அமிலம் வேணும். அது இல்லைன்னா செல் பெருத்துக்கிட்டே போகும், ஆனா ஒழுங்காகப் பிரியாது. ஸ்ப்ரூ வந்த குடல் இந்தச் சத்தைச் சரியா உறிஞ்சாது. அதனால்தான் ரத்தசோகை.

1920-களில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ராத்திரியில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, உடலில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அப்படியும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

அடுத்ததுதான் அசத்தல். ரத்தப் புற்றுநோயில் முதிராத செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். அப்போ ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தால்? அதற்கான அமினோப்டெரின் என்ற மருந்தை லெடர்லி குழு தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென்று 1948 ஜூனில் அறிவித்தார். இதே வகையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அந்த ஆகஸ்டிலேயே 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்துபோனார். நோபல் கிடைக்கவில்லை. இந்தியாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

அடுத்த தடவை சிவகங்கையிலோ காரைக்குடியிலோ கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பார்த்தா, அட்டையைத் திருப்பிப் படிங்க. ஃபோலிக் அமிலம்னு போட்டிருக்கும். அவர் பெயர் இருக்காது. நீங்களாவது பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.