இப்னு கல்தூனும் நம் பிள்ளைகளின் சமூகவியல் பாடமும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை, சமூகவியலை ஒரு பாடமாக எடுக்கப் போவதாக வந்து நின்றால், கடையில் அமர்ந்திருக்கும் நம்மில் பலருக்கு முதலில் எழும் கேள்வி, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பதே. கணக்கியலோ விஞ்ஞானமோ படித்தால் பிழைப்புக்கு உதவும்; மனிதர்கள் கூடி வாழ்வதைப் படிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என எண்ணுகிறோம். கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் அது தனிப்பாடமாகவே இருக்கிறது. மார்க்ஸ், துர்க்கைம், வெபர் ஆகியோரின் பெயர்கள் அதில் வரும். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அத்துறைக்கு அடிகோலிய அல்லாமா இப்னு கல்தூன் அவர்களின் வரலாற்றை அறிந்தால், நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அன்னார் 1332ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் பிறந்தார்கள். முன்னோர் ஹளரமவ்த்திலிருந்து ஸ்பெயின் சென்று, பின்னர் வட ஆப்பிரிக்காவில் குடியேறியவர்கள். 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளை நோய், பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் பறித்துக்கொண்டது. அப்போது அவர்களுக்கு வயது சுமார் பதினேழு. அதன்பின் பாஸ், கிரனாடா, பிஜாயா அரசவைகளில் பதவி வகித்தார்கள். பாஸில் இரண்டாண்டளவு சிறையிலும் இருந்தார்கள். அரசுகள் எழுவதையும் விழுவதையும் உள்ளிருந்தே கண்டார்கள்.

1375இல் அரசியலை விட்டு ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கினார்கள். உலகப் புகழ்பெற்ற முகத்திமாவை அங்கேதான், 1377இல், சுமார் ஐந்து மாதங்களில் எழுதி முடித்தார்கள்.

அந்நூலின் அடிப்படை யாதெனில், கேட்ட செய்தியை அப்படியே நம்பாமல், மனித வாழ்வின் இயல்போடு ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பதாகும். பழைய சரித்திரக்காரர்கள் ஒரு படையில் ஆறு லட்சம் பேர் இருந்ததாக எழுதியிருந்தனர். அத்தனை பேருக்கு அந்நாடு உணவளிக்க இயலுமா, ஒரு போர்க்களம் இடம் கொடுக்குமா என்று இவர்கள் ஆராய்ந்து, அக்கணக்கை மறுத்தார்கள். பேரேட்டை மட்டும் பார்த்துவிடாமல் சரக்கிருப்பையும் எண்ணிப் பார்க்கும் வியாபாரிக்கு இம்முறை புதிதன்று.

வணிகத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். ஆட்சியாளர் தாமே வியாபாரத்தில் இறங்கினால் வணிகர் போட்டியிட முடியாமல் ஊக்கமிழப்பர், வரி வருமானமும் குறையும் என்றார்கள். வரி மிதமாக இருக்கும்போது மக்கள் உழைப்பில் முனைவதால் வருவாய் பெருகும் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. கல்வியைப் பற்றியும் எழுதினார்கள். பிள்ளைகளை அடக்கி ஒடுக்கிக் கற்பித்தால் அவர்கள் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழகிவிடுவர். படிப்படியாகவே கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

1382இல் எகிப்து சென்று, அல் அஸ்ஹரில் பாடம் நடத்தினார்கள், 1384இல் காழியானார்கள். அவ்வேளையில்தான், தம்மிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தாரைக் கப்பல் விபத்தில் இழந்தார்கள். தாங்கொணாத் துயருற்றும் கல்விப் பணியை விடவில்லை. 1401இல் திமிஷ்கை முற்றுகையிட்ட தைமூரைச் சந்திக்க, கோட்டை மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்றார்கள். 1406இல் கெய்ரோவில் மறைந்தார்கள்.

பதவி நிலைக்கவில்லை, குடும்பமும் நிலைக்கவில்லை. சமுதாயத்தை ஆராய்ந்த அந்த நூல் மட்டும் ஆறு நூற்றாண்டுகள் கடந்து நிற்கிறது. ஊருக்கு ஊர் வாங்குவோர் மனம் ஏன் மாறுகிறது, ஒரு தெரு ஏன் செழிக்கிறது, மற்றொன்று ஏன் நலிகிறது என்பதை நாம் அனுபவத்தால் அறிகிறோம். நம் பிள்ளை அதையே முறையாகக் கற்க விரும்புகிறது. ஆகவே, வேண்டாம் என்று சொல்லுமுன், அப்பிள்ளையைக் கல்லாப்பெட்டியருகே அமர வைத்து, அன்று பள்ளியில் படித்ததை ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.