மினுக்கும் அறையில் ஓர் அன்னை

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு அதிபரின் நினைவு வருவதுண்டு. அவர் நமது கல்லூரிக்கு வந்தவரல்லர், இலங்கையைக் கண்டவருமல்லர். ஆனால் மொன்றியலில் வாழும் நம் பழைய மாணவிகளுக்கு அவர் நடமாடிய வோட்ரேயியும் லஷீனும் தெரிந்த ஊர்கள்தாம். அவர் பெயர் எஸ்தர் புளொந்தன். துறவறப் பெயர் மரி ஆன். 2001 ஏப்ரல் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

1809இல் கியூபெக்கின் தெர்பொன் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எழுத வாசிக்கத் தெரியாமலே வளர்ந்தார். 22 வயதில் ஊர்க் கன்னியர்மடத்தில் வேலைக்காரியாகச் சேர்ந்தவர், அடுத்த ஆண்டே அங்கு மாணவியாகி எழுத்துக் கற்றுக்கொண்டார். அந்தச் சபையிலேயே நவகன்னியானார். உடல்நலம் இடங்கொடாமல் வெளியேறினார். 1833இல் வோட்ரேயிப் பங்குப் பாடசாலையில் ஆசிரியையாகி, பின்னர் அதன் அதிபரானார்.

தம்மைப் போலப் பலர் எழுத்தறியாதிருப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தபோது காரணம் எளிதாக இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு ஆண்களும் பெண்பிள்ளைகளுக்குப் பெண்களுமே கற்பிக்க வேண்டும் என்பது அங்கு திருச்சபையின் விதி. இரண்டு பாடசாலை நடத்த வசதியற்ற பங்குகள் ஒன்றும் நடத்தாமல் விட்டன. 1848இல் அவர் மொன்றியல் ஆயர் புர்ஜேயிடம் சென்று, இருபாலாரையும் ஒரே பாடசாலையில் கற்பிக்கும் சபையொன்றைத் தொடங்க அனுமதி கேட்டார். அக்காலத்துக்கு அது துணிச்சலான கேள்வி. 1850 செப்டெம்பர் 8ஆம் திகதி புனித அன்னாள் சகோதரிகள் சபை பிறந்தது. அவரே முதல் தலைமை அன்னை.

1853இல் சபை சென் ஜாக் ஊருக்கு இடம்மாறியது. அங்கே ஆன்ம குருவாக வந்த மரேஷால் அடிகளார் நிர்வாகத்தில் தலையிட்டார். அன்னை இல்லாத வேளையில் விடுதிப் பிள்ளைகளின் கட்டணத்தை மாற்றினார். தாம் ஊரில் இல்லாதபோது சகோதரிகள் பாவசங்கீர்த்தனத்துக்குத் தமக்காகவே காத்திருக்க வேண்டும் என்றார். அன்னை சகோதரிகளின் உரிமைக்காக வாதாடினார். ஓராண்டு இழுபறியின் பின், 1854 ஓகஸ்ட் 18 அன்று, பதவி விலகும்படி ஆயர் அவரையே கேட்டார். சகோதரிகள் மீண்டும் தெரிவுசெய்தாலும் ஏற்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. அவர் விலகினார். அப்போது வயது 45.

சென் ஜெனவீவ் மடத்தின் பொறுப்பாளராக நான்காண்டு இருந்தார். 1858இல் நிர்வாகம் சரியில்லை என்று அதிலிருந்தும் திருப்பி அழைக்கப்பட்டார். அதே ஆண்டில் அவருடைய சபைச் சகோதரிகள் நால்வர் கண்டத்தின் மறுகரையிலுள்ள விக்ரோறியாவில் பாடசாலை தொடங்கப் புறப்பட்டார்கள் என்பதை வாசித்தபோது என் மனம் கனத்தது. சபை விரிந்தது, அதைத் தொடங்கியவர் உடுப்புத் தோய்க்கவும் மினுக்கவும் போனார். முதலில் சென் ஜாக்கில், தாய்மடம் மாறியபின் லஷீனில், இறக்கும்வரை பெரும்பாலும் அதுவே அவர் வேலை. 1872இலும் 1878இலும் சகோதரிகள் அவரைப் பொதுச்சபை ஆலோசகராகத் தெரிவுசெய்தார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார மட்டும் விடப்படவில்லை.

வைத்தியசாலையில் சலவைத் துணி வராவிட்டால் சத்திரசிகிச்சைக் கூடம் அன்று இயங்காது. அதை மடித்துத் தந்தவரின் பெயரோ எங்களில் பலருக்குத் தெரியாது. அந்த அறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அதிபர் இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவருக்கு நடந்தது அநீதி. பணிவு என்ற சொல்லால் அதை மூடுவது எனக்குச் சம்மதமில்லை. பெண்களை வாய்திறவாமல் இருத்துவதற்கு அந்தச் சொல் நிறையவே உதவியிருக்கிறது. அவர் பணிந்தது பயத்தாலல்ல என்பதற்கு, அதற்கு முன் அவர் வாதாடிய ஓராண்டே சாட்சி. தாம் விடாப்பிடியாக நின்றால் இளஞ்சபை இரண்டாகப் பிளந்து, பிள்ளைகளின் பாடசாலைகள் மூடப்படும் என்று கணித்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன்.

1890 ஜனவரி 2ஆம் திகதி, 80 வயதில், லஷீனில் காலமானார். இறுதி வேளையில் எந்தக் குருவை அழைப்பது என்ற கேள்வி வந்தபோது மரேஷால் அடிகளாரையே அழைக்கச் சொன்னார். சகோதரிகள் அதைப் பார்க்கட்டும் என்பது அவர் விருப்பம்.