கனம் கிருஷ்ணையர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு இசையரங்குகளில் பெரும்புகழ் பெற்று விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள பெரிய திருக்குன்றம் இவரது ஊர். தஞ்சை அரண்மனையைச் சார்ந்திருந்த இவர், பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் இசை பயின்றார்.

ஒருகால் பொப்பிலி கேசவையா என்னும் ஆந்திர நாட்டு வித்துவான் தஞ்சைக்கு வந்தார். அவர் கன மார்க்கத்தில் வல்லவர். கன மார்க்கமாவது, நாபியினின்று நாதத்தை எழுப்பி, முழுக்குரலும் கம்பீரமாக ஒலிக்கப் பாடும் முறை. உடல் வலிமையும் மூச்சின் நிலைபேறும் இல்லாதார் அதனை நெருங்கவும் இயலாது. அதனைக் கற்பார் உளரோ என்று அரசர் வினவ, அவையோர் தயங்கினர். கிருஷ்ணையர் துணிந்து முன்வந்தார் என்பர். கேசவையாவிடம் நெறியறிந்தபின், இடைவிடாது பழகி அதில் தேர்ந்தார். 'கனம்' என்னும் அடைமொழி இங்ஙனம் வந்ததே, உடற்பருமனைக் குறித்ததன்று!

சிலகாலம் திருவிடைமருதூரில் இருந்துவிட்டு, உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிரங்கரின் ஆதரவில் வாழ்ந்தார். தெலுங்குப் பாடல்களே அவைகளில் ஓங்கியிருந்த அந்நாளில், இவர் தமிழிற் பதங்கள் பல இயற்றினார். ஒருமுறை ஜமீன்தார் இவரிடம் பாராமுகமாக இருந்தார். பிறர்பால் நின்று வாழும் கலைஞர்க்கு அது பெரும் இடர் அன்றோ? கிருஷ்ணையர் வெளிப்படையாக முறையிட்டாரல்லர். தலைவனை எண்ணி வருந்தும் தலைவி கூற்றாக ஒரு பதம் பாடினார். குறிப்பறிந்த கச்சிரங்கர் மீண்டும் அன்பு பாராட்டினாராம்.

இவரிடம் பயின்ற வேங்கடசுப்பையரின் மைந்தரே உ. வே. சாமிநாதையர். அவர் 1936இல் கிருஷ்ணையரின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். கன மார்க்கம் அருகிவிட்டது. பைரவி இராகத்தில் அமைந்த 'வேலவரே' என்னும் இவரது பதம் இன்றும் பாடப்பெறுகின்றது.