கபிலர் கண்ட நட்பு

இளமையில் நண்பர் பலராவர். உடன் ஆடுதலும் உடன் உண்ணுதலுமே அப்பருவத்து நட்பிற்குப் போதிய காரணங்களாம். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தொகை சுருங்கும். எஞ்சி நிற்கும் ஒருவர் இருவருடைய அருமையோ பெருகும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் சங்கப் புலவராகிய கபிலர்.

விழுப்புரத்தை அடுத்த காணைக்கு மேற்கே, தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் உள்ளது. அங்கே ஆற்றினிடையே ஒரு பாறையும், அதன்மேல் ஒரு சிறு கோயிலும் காணப்படும். அதனைக் கபிலர் குன்று என்று மக்கள் வழங்குவர். பாண்டிநாட்டுப் புலவர் ஒருவரின் பெயர் நடுநாட்டுப் பாறைக்கு எய்தியது எங்ஙனம்? அவ்வரலாறே ஒரு நட்பின் வரலாறாகும்.

கபிலர் பாண்டிநாட்டுத் திருவாதவூரிற் பிறந்த அந்தணர் என்பர். சங்க நூல்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அவர் பெயரால் உள்ளன. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்த அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. நக்கீரர், மாறோக்கத்து நப்பசலையார் முதலிய புலவர்களும் அவரைப் போற்றினர்.

பறம்பு மலைக்குத் தலைவனாகிய வேள் பாரியே அவருடைய உயிர் நண்பன். அம்மலை இக்காலத்தில் சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை எனப்படும். பாரி வள்ளல், கபிலர் புலவர். எனினும், அவர்களிடையே இருந்தது கொடுப்போன், கொள்வோன் என்னும் தொடர்பு மட்டும் அன்று. பல்லாண்டு உடனிருந்து முதிர்ந்த கேண்மை அது.

பாரியின் புகழைப் பொறாத மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர். அதன் முந்நூறு ஊர்களும் முன்னரே இரவலர்க்கு உரியவாயின என்றும், படையாற் பெற இயலாத பாரியைப் பாடிச் சென்றால் எளிதிற் பெறலாம் என்றும் கபிலர் அவ்வேந்தர்க்கு இடித்துரைத்தார். வளர்ப்புக் கிளிகளைக் கொண்டு வெளியிலிருந்து நெற்கதிர்களை வருவித்து, அகப்பட்டோரின் பசியைத் தணித்தார் என்றும் சங்கப் பாடல்கள் கூறும். ஆயினும், முடிவிற் பாரி மாண்டான். பறம்பு பகைவர் வயமாயிற்று.

நண்பனோடு தாமும் மடியக் கருதினார் கபிலர். பாரியோ அதற்கு இசையாது, இருந்து வருமாறு அவரைப் பணித்திருந்தான். தன் மகளிர்க்கு வேறு புகலில்லை என அவன் எண்ணினான் போலும். நண்பனைப் பின்தொடர்வது அவருக்கு எளிது. அவனின்றி வாழ்வது அரிது. அரியதையே அவர் மேற்கொண்டார். ஒரு காலத்தில் விருந்து ஓயாதிருந்த அம்மலையைக் கண்ணீரோடு திரும்பித் திரும்பி நோக்கியவராய், பாரி மகளிருடன் வெளியேறினார்.

விச்சிக்கோனிடம் சென்று அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு வேண்டினார், பயன் இல்லை. பின்னர் இருங்கோவேளிடம் சென்றார். அவனும் மறுத்தான். தமக்கென எதனையும் நாடாத பெரும்புலவர் நண்பன் மகளிர்க்காக வாயில்தோறும் சென்று நின்றார். அம்மறுப்பால் அவர் எய்திய சினத்தைப் புறநானூற்றில் இன்றும் காணலாம்.

சேர வேந்தன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடி நூறாயிரம் காணம் பொன்னும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடும் அவர் பரிசிலாகப் பெற்றார். அவனைப் பாடிய பத்துப் பாடல்களுள் முதற்பாட்டிலேயே, மறைந்த பாரியின் பெருமையை எடுத்துரைத்தார். பாரி இல்லாமையால் இரக்க வரவில்லை, சேரனின் புகழ் கேட்டே வந்தேன் என்று அவனிடமே கூறினார். புதிய செல்வம் பழைய நட்பை மறைக்கவில்லை.

பாரி மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்த பின்னர், கபிலர் வடக்கிருந்ததாகப் புறநானூறு உணர்த்தும். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் (985-1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரியின் மகளை மலையமான் குடிக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல்லை அது குறிக்கின்றது. செய்திகள் வேறுபடினும், கடமை முடியும் வரை அவர் தம் உயிரைத் தாங்கினார் என்பதில் இரண்டும் ஒன்றுபடும். இம்மையிற் கூடியவாறே மறுமையிலும் பாரியோடு பிரியாது வாழ ஊழ் துணை செய்க என்பதே அவர் இறுதியில் விரும்பிய பேறு.

மாணவர்களே! கபிலரின் பெருமை அவர் இறந்த முறையில் இல்லை. நண்பனுக்காக வாழ்ந்த முறையிலேயே உள்ளது. இன்று உம்மோடு ஒரே பலகையில் அமர்ந்திருப்போருள், பிற்காலத்தில் உமக்கு உறுதுணையாகப் போகிறவர் யார் என்று இப்போது அறிதல் அரிது. ஆதலின், கிடைத்த நல்ல நட்பைச் சிறு பிணக்கினால் இழவாது காத்தல் வேண்டும். நட்டோர் மறைந்த பின்னும் அவர் விட்டுச்சென்ற கடமையை நம் கடமையாகக் கொள்வதே முதிர்ந்த நட்பாகும்.