வாட்டர்லூவைச் செய்து வைத்தவர்

பழைய போர்க்களங்களைச் சிறிய அளவில் உருவாக்கி, பொம்மை வீரர்களை அணிவகுத்து, நடந்து முடிந்த போரை மீண்டும் ஆடிப் பார்க்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவலாக உள்ளது. குன்று, கோட்டை, பண்ணை வீடு என எல்லாவற்றையும் அட்டை, மரம், சுண்ணச்சாந்து கொண்டு தம் கையாலேயே செய்வோர் பலர். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் இந்த ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். ஆனால், ஒரு போர்க்களத்தை உண்மை வழுவாமல் செய்துகாட்ட முனைந்து, அதற்குத் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்தவர் அவருக்கு முந்தையவர். அவர் பெயர் வில்லியம் சைபோர்ன்.

1797-இல் பிறந்த சைபோர்ன் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1815-இல் நெப்போலியன் வீழ்ந்த வாட்டர்லூ போரில் அவர் பங்கேற்கவில்லை. போர் முடிந்த பிறகே பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். நில அளவையிலும் நிலத்தோற்ற வரைவிலும் தேர்ந்த அவரிடம், 1830-இல் வாட்டர்லூ களத்தின் மாதிரியை அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. களத்தின் நடுவே இருந்த பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார்.

நிலத்தை அளந்தாயிற்று, அதன்மேல் யார் எங்கே நின்றார்கள் என்பதை எப்படி அறிவது? போரில் உயிர் தப்பிய அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எதிரே இருந்தவர் யார், அந்த வயலில் என்ன பயிர் நின்றது என்றுகூடக் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் குவிந்தன. ஒரு போரைப் பற்றி அதில் பங்கேற்றவர்களிடம் இத்துணை விரிவாக விசாரித்தவர் அதற்குமுன் அரிது.

1833-இல் அரசு நிதியை நிறுத்தியது. டப்ளினில் அலுவலகப் பணி பார்த்துக்கொண்டே, கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவில், ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில், 70,000-க்கும் மேற்பட்ட உலோகப் பொம்மைகளுடன் 1838-இல் மாதிரி லண்டனில் காட்சிக்கு வந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். ஆயினும் அவருடைய கடன் தீரவில்லை.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. மாலை ஏழு மணியளவில் களம் இருந்த நிலையை அவர் காட்டியிருந்தார். அந்நேரம் துணைக்கு வந்துவிட்ட பிரஷ்யப் படைகள் அதில் பெருமளவில் இடம்பெற்றன. வெற்றியின் பெருமை பங்கிடப்படுவதை வெலிங்டன் பிரபு தரப்பு விரும்பவில்லை. நெருக்கடி முற்றவே, சைபோர்ன் பின்னர் பிரஷ்யப் பொம்மைகளில் ஒரு பகுதியை அகற்றினார். 1849-இல் கடன் சுமையோடு மறைந்தார். அவர் செய்த மாதிரி இன்று லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் வாழ்வை எண்ணும்போது எனக்கு இரண்டு பாடங்கள் புலப்படுகின்றன. ஒன்று, எந்தப் பொம்மையை எங்கே வைப்பது என்பதே ஒரு வரலாற்றுத் தீர்ப்பு. அதிகாரம் அதில் தலையிடும். மற்றொன்று, அவர் கேட்டதெல்லாம் அதிகாரிகளிடம்தான். வரிசையில் நின்ற சாதாரண வீரரின் குரல் அந்த மாதிரிக்குள் நுழையவே இல்லை.

திண்டிவனம் வட்டாரத்துப் பிரம்மதேசத்தில் இருந்து இதை எழுதும் எனக்கு ஒருபுறம் செஞ்சிக் கோட்டை, மறுபுறம் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றதை நம் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அங்கே இரு தரப்பிலும் நம் மண்ணின் சிப்பாய்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பெயரில்லை. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலக மரபுச் சின்னமாகிவிட்டது. நம் பள்ளி மாணவர்கள் அந்தக் குன்றுகளையும் வந்தவாசிக் களத்தையும் ஏரி, வயல், ஊரோடு களிமண்ணிலும் அட்டையிலும் செய்து பார்க்கட்டும். கூட், லாலி ஆகிய இருவரின் பொம்மைகளை வைப்பதற்கு முன்பு, அந்தச் சிப்பாய்களை எங்கே நிறுத்துவது என்று ஆசிரியரிடம் கேட்கட்டும். சைபோர்ன் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.