வேதாளரை எழுதினவர்

ஜனவரியில் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி, நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போயிருக்கீங்களா? லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டாலில் வேதாளர் திரும்ப வந்துட்டார். ராணி காமிக்ஸ் படிச்ச உங்க அப்பாவுக்கு அவர்தான் முகமூடி வீரர் மாயாவி. ஆனா அவரைப் படைச்ச லீ ஃபாக்கைத் தெரியுமா?

1911-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். மந்திரவாதி மாண்ட்ரேக்கை யோசிச்சப்போ அவரும் உங்களை மாதிரி காலேஜ் மாணவர்தான். முதல் படங்களை அவரே வரைஞ்சு, நியூயார்க் போய் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்திடம் விற்றார். அங்கே தன்னை உலகம் சுற்றியவர்னு சொல்லிக்கிட்டார். நிஜத்தில் நியூயார்க்தான் அவர் அதுவரை போன அதிகபட்ச தூரம்! பிறகு அந்தப் பொய்யை உண்மையாக்கவே நாடு நாடாகச் சுற்றினார்.

1934-ல் மாண்ட்ரேக், 1936-ல் வேதாளர். சூப்பர்மேன் வந்ததே 1938-ல்தான். வேதாளருக்கு சூப்பர் பவர் எதுவும் கிடையாது. அப்பா இறந்தால் மகன் அதே முகமூடியைப் போட்டுக்குவான். நாம படிக்கிறது 21-வது ஆளோட கதை. எதிரிகளோ அவருக்குச் சாவே இல்லைன்னு நம்பி நடுங்குவாங்க.

நாடகங்களும் எழுதி இயக்கிய ஃபாக், 1999-ல் இறக்கும்வரை காமிக்ஸை விடவில்லை. அப்புறம் பேனா வேற கைகளுக்குப் போச்சு. யோசிச்சுப் பாருங்க: ஆள் மாறினாலும் முகமூடி தொடரும்ங்கற விதியை அவர் கதைக்குள்ளேயே வெச்சிருந்தார். அதனாலதான் ஸ்வீடன், ஆஸ்திரேலியா, சிவகாசின்னு வேதாளர் இன்னும் அச்சேறிக்கிட்டே இருக்கார்.