கோடைமலை ஏறிய படகு

நுழையும்முன்

ஓடும் நீரையே அறிந்திருந்த மலையில் நிற்கும் நீரை உண்டாக்கி, அதில் கடலோரப் படகொன்றை மிதக்கவிட்டவர் வேர் ஹென்றி லெவிஞ்ச். அவருடைய வாழ்க்கையையும், அவர் கொணர்ந்த படகோடு மலைக்கு வந்த படகுக்கலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்து ஆடலூரிலிருந்து மேற்கே நோக்கினால், பழனிமலைத் தொடர் படிப்படியாக உயர்ந்து முகிலுக்குள் மறைவதைக் காணலாம். ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகியவை கீழ்ப்பழனியின் ஊர்கள். காப்பியும் மிளகும் ஏலமும் மலைவாழையும் அங்கு விளைகின்றன. அவற்றுக்கு மேலே, குளிர் மிகுந்த மேற்பழனியில் வில்பட்டியும் பூம்பாறையும் மன்னவனூரும் அமைந்துள்ளன. இவ்வூர்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு நீர் என்பது ஊறுவது, ஓடுவது, வீழ்வது. சோலைக்காடுகள் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கசியவிடும். அந்நீர் பாறைக்குப் பாறை தாவிச் சமவெளியை அடையும். அத்தகைய நீரில் மிதவைக்கு இடமில்லை. சங்கப் புலவர் கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் பாடினர். அவன் வேட்டைக்குப் புகழ்பெற்றவன். ஓடத்துக்கும் அம்மலைக்கும் தொடர்பு ஏற்பட, அவன் காலத்திற்குப் பின் நெடுங்காலம் கழிய வேண்டியிருந்தது.

1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் இம்மலையை அளந்து ஆராய்ந்தார். 1845ஆம் ஆண்டில், சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய மதுரை அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் மலை உச்சியில் இரண்டு வீடுகளை எழுப்பினர். கோடைக்கானல் என்னும் ஊரின் தொடக்கம் அதுவே. அவ்வீடுகள் எழுந்த பகுதியில், குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்த நிலம் ஒன்று கிடந்தது. ஓடைகள் அதில் வந்து கலந்தன. கால் வைத்தால் புதையும் சதுப்பாக அது விளங்கியது. அதனை ஏரிக்குரிய இடமாகக் கண்டவர் லெவிஞ்ச்.

அவர் அயர்லாந்து நாட்டின் வெஸ்ட்மீத் பகுதியைச் சேர்ந்த பழங்குடும்பத்தில் தோன்றியவர். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் சேர்ந்து, 1860களில் மதுரை மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்தார். அந்நாளைய மதுரை மாவட்டம் இன்றைய மதுரையைப் போன்று சிறியதன்று. திண்டுக்கல், பழனி, பெரியகுளம் ஆகிய பகுதிகளோடு இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் அதனுள் அடங்கியிருந்தன. மலையுச்சி முதல் கடற்கரை வரை ஒரே ஆட்சியரின் பொறுப்பில் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். மலைக்குப் படகைக் கொணரும் எண்ணம், கடலையும் மலையையும் ஒருங்கே அறிந்த ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

1863ஆம் ஆண்டில் அவர் அச்சதுப்பு நிலத்தின் வாயிலில், ஓடையின் குறுக்கே கரை எழுப்பினார். அதற்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். தேங்கிய நீர் குன்றுகளின் இடுக்குகளுக்குள் எல்லாம் புகுந்தது. ஆதலால் ஏரி வட்டமாகவோ நீள்சதுரமாகவோ அமையாமல், விண்மீன் வடிவில் பல கைகளை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பும், 5 கிலோமீட்டர் அளவிலான சுற்றுக்கரையும் கொண்ட அவ்வேரி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதில் அவர் மீன்களையும் விட்டு வளர்த்தார்.

இச்செயலை வியந்து பாராட்டுவது எளிது. அதன் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். சதுப்பும் புல்வெளியும் நீரில் மூழ்கின. கரைக்கு மண் வெட்டிச் சுமந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. ஏரி முதலில் பயன்பட்டதும் வெயிலுக்கு ஒதுங்க வந்த வெள்ளையர்க்கே. எனினும், ஓய்வு பெற்றவுடன் தாயகம் திரும்பும் ஆட்சியர் பலருள், லெவிஞ்ச் இம்மலையிலேயே தங்கிவிட்டார். கோடைக்கானலில் அக்காலத்தில் நிகழ்ந்த மேம்பாடுகளில் பெரும்பகுதி அவருடைய முயற்சியால் விளைந்ததே ஆகும். அவர் பெயருக்கு முன் நிற்கும் சர் என்னும் பட்டம் ஏரி அமைத்தமைக்காகக் கிடைத்தது என்று கருதுவோர் உண்டு. அது வாழ்வின் இறுதிக் காலத்தில், தமையனார் மறைவுக்குப் பின் குடும்ப உரிமையாக வந்து சேர்ந்தது.

ஏரி அமைந்தது, படகு இல்லை. மலையில் படகு கட்டத் தெரிந்தவரும் இல்லை. ஆகவே முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து வருவித்தார் லெவிஞ்ச்.

தூத்துக்குடியைத் தேர்ந்ததன் காரணத்தை அத்துறைமுகத்தின் இயல்பே விளக்கும். அங்குக் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் சில கல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதி முதல் பயணிகள் வரை அனைத்தையும் தோணிகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஏற்றிச்சென்றன. எனவே, தோணி கட்டும் தச்சரும் பாய் தைப்போரும் சுக்கான் பிடிப்போரும் அந்நகரில் நிறைந்திருந்தனர். முத்துக்குளித்தலில் தேர்ந்த பரதவர் வாழும் கரையும் அதுவே.

அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி செல்லும். தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது 1870களில்தான். பெரியகுளம் அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் மலைப்பாதை தொடங்கும். அங்கிருந்து செண்பகனூர் வழியாக உச்சிக்குச் செல்ல வண்டிச்சாலை கிடையாது. சாலை அமைந்தது இருபதாம் நூற்றாண்டில். துரைமார் நாற்காலிகளில் அமர, ஆட்கள் தோளில் தூக்கிச்சென்றனர். அரிசியும் உப்பும் கண்ணாடியும் இரும்பும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் ஏறின. ஒரு படகுக்கு மட்டும் வேறு வழி இருந்திருக்க முடியாது. அலைமேல் ஏறி இறங்கவென்று செய்யப்பட்ட மரக்கலம் ஒன்று, அலையே இல்லாத மலைப்பாதையில் மனிதர் தோள்மேல் ஏறி வந்தது.

அப்படகோடு அதன் சொற்களும் மலையேறின. தமிழில் படகுச் சொற்கள் மிகப் பழையவை. ஒவ்வொன்றும் ஒரு செயலைச் சுட்டி நிற்பவை. படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு போன்ற மரம் எரா. அது நீருக்குள் ஆழ்ந்து நிற்பதால் படகு பக்கவாட்டில் வழுக்காமல் நேரே செல்கிறது. நீரைக் கிழித்துச் செல்லும் முன்முனை அணியம். பின்முனையில் பொருந்தியிருப்பது சுக்கான். நடுவே நிற்பது பாய்மரம். பாயை விரித்துப் பிடிக்கும் குறுக்குமரம் பருமல். பாயின் கீழ்மூலையில் கட்டி, கையால் இழுத்தும் தளர்த்தியும் காற்றை அளந்து வாங்கும் கயிறு தாமான். படகை ஓரிடத்தில் நிறுத்துவது நங்கூரம்.

படகு பழகுவோர் இச்சொற்களை முதலில் கற்பது மனப்பாடத்திற்காக அன்று. காற்று திடீரென மோதும்போது, அந்தக் கயிற்றை விடு என்று கூறினால் எந்தக் கயிறு என்னும் கேள்வி எழும். அக்கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். தாமானை விடு என்றால் கை தானே செயல்படும். தாமானை எங்கும் இறுக முடிந்துவைத்தல் கூடாது என்பது பாய்ப்படகின் முதல் விதி. கயிறு கையிலிருந்தால் தளர்த்தலாம், தளர்ந்த பாயில் காற்று நில்லாது, படகு நிமிரும்.

ஏறுவதிலேயே பழக்கம் தொடங்குகிறது. படகின் விளிம்பில் கால் வைப்பவர் அதனைக் கவிழ்ப்பார். ஒருவர்பின் ஒருவராக, உடலைத் தாழ்த்தி, நடுவில் அடி வைத்து ஏறி, உடனே அமர்தல் வேண்டும். இரு பக்கத்து எடையும் ஒத்திருத்தல் வேண்டும். துடுப்பு வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். காலை ஊன்றி உடலைப் பின்சாய்த்து இழுக்கும்போது முழு வலிமையும் துடுப்பில் இறங்குவதே அதற்குக் காரணம். புதியவர்க்கு இங்கேதான் குழப்பம் தோன்றும். வலக்கைத் துடுப்பை மட்டும் இழுத்தால் அணியம் அவருக்கு இடப்பக்கமாகத் திரும்பும். சுக்கானும் அவ்வாறே மாறாகப் பேசும். அதன் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். மேலும், படகு நகரும்போதுதான் சுக்கானுக்கு உயிர் உண்டு. நின்ற படகில் அதனை எப்பக்கம் திருப்பினும் பயனில்லை.

பாயைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் உள்ளது. காற்று வீசும் திசையில் மட்டுமே பாய்ப்படகு செல்லும் என்பது அது. பக்கக் காற்றிலும் படகு செல்லும். எராவின் தடுப்பும் பாயின் வளைவும் சேர்ந்து அதனை முன்னே செலுத்தும். காற்று வரும் திசைக்கு நேரே மட்டும் செல்ல இயலாது. அத்திசையில் போக வேண்டுமாயின், வலமும் இடமும் மாறி மாறிச் சாய்வாகச் சென்று, மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதுபோல் முன்னேற வேண்டும். மலையூர் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். செங்குத்தான சரிவில் நேரே ஏற முயல்பவர் எவரும் இல்லை.

தூத்துக்குடிப் படகு கோடை ஏரிக்கு வந்தபோது இயற்கையும் வேறாயிற்று. உப்புநீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே படகு, அதே சுமையோடு, ஏரியில் சற்றே ஆழமாக மூழ்கி மிதக்கும். கடலில் 1,000 லிட்டர் நீரை விலக்கும் படகு, ஏரியில் ஏறத்தாழ 1,025 லிட்டர் நீரை விலக்கும். காற்றும் மெலிந்தது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினும் பாயைத் தள்ளும் வலிமை அதற்கேற்பக் குறையும்.

திசையும் நிலையில்லை. தூத்துக்குடிக் கடலோடிகள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயரிட்டுப் பருவம் குறித்து வைத்தவர்கள். அவர்கள் கச்சான் என்னும் மேல்காற்றுக்குப் பழந்தமிழில் கோடை என்று பெயர். மலையின் பெயரும் அதுவே. ஆயினும் அம்மலை ஏரியில் எக்காற்றும் தன் திசையில் நில்லாது. குன்று மறைக்கும் இடத்தில் காற்று முற்றிலும் அடங்கிவிடும். ஏரியின் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் திரும்பியவுடன், இடுக்கு வழியே எதிர்பாராத பக்கத்திலிருந்து பாயும். நீர்ப்பரப்பில் கருத்த சிற்றலை விரைந்து வருவதைக் கண்டால் காற்று வருகிறது என்று அறியலாம். மூடுபனி இறங்கினால் கரை மறைந்துவிடும். அப்போது விரையாமல் கரையோரமாகச் செல்வதே அறிவுடைமை. படகு கவிழ்ந்தாலும் அதனை விட்டு நீந்த முயலாமல், பற்றிக்கொண்டு மிதத்தல் வேண்டும். அங்குள்ள நீரின் குளிர் நல்ல நீச்சல் வீரரையும் விரைவில் தளரச் செய்யும்.

லெவிஞ்ச் 1885ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நினைவாகக் கோடைக்கானலில் கற்சிலுவை ஒன்று நாட்டப்பட்டது. அதனைவிட நிலைத்த நினைவுச்சின்னம் அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1890இல் தோன்றிய படகுக் குழாம் என்று கூறலாம். ஒரே படகில் தொடங்கிய பழக்கம் ஓர் அமைப்பாக வளர்ந்தது. தொடக்கத்தில் சிலர்க்கு மட்டும் உரியதாயிருந்த நீர், காலப்போக்கில் எல்லார்க்கும் உரியதாயிற்று. இன்று துடுப்புப் படகும் மிதிபடகும் அங்கு நாள்தோறும் செல்கின்றன. படகு வலித்தே குடும்பம் காப்போர் பலர். மறுபுறம், சூழ்ந்த குன்றுகளில் கட்டடங்கள் பெருகின. கழிவும் வண்டலும் நீர்க்களையும் ஏரியை நெருக்குகின்றன. நீர்க்களை தண்டில் சுற்றிக்கொள்ளும் இடத்தில் தேர்ந்த படகோட்டியின் கையும் தளர்கிறது. ஒருவர் எழுப்பிய கரை ஏரியை உண்டாக்கப் போதுமானதாயிருந்தது. அதனைக் காப்பதற்கு ஓர் ஊரே தேவைப்படுகிறது.

கரையை மீறி வழியும் நீர் பழைய ஓடையிலேயே இறங்குகிறது. சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், மலைச்சாலையின் வளைவு ஒன்றில், ஏறத்தாழ 180 அடி உயரப் பாறையிலிருந்து வெள்ளி அருவியாக வீழ்ந்து மீண்டும் ஓடும் நீராகிறது.